படகுப் பாட்டு முடியும்வரை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். நீ நலமா என்று எல்லோரும் கடிதத்தில் கேட்பார்கள், பதிலை எதிர்பார்க்க மாட்டார்கள். நான் எதிர்பார்த்துத்தான் கேட்கிறேன். நலமாக இருக்கிறாயா?

உன் எதிர்வீட்டில் கார் ஓட்டும் டிரைவர் அண்ணன் விடுமுறை முடிந்து வியாழக்கிழமை கிளம்புகிறார். இதை அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். குப்பை போட நீ பின்வாசலுக்கு வரும்போது தந்துவிடுவதாகச் சொன்னார். தபாலில் போட்டால் நீ வேலை பார்க்கும் வீட்டுக்காரம்மா பிரித்துப் படிப்பாள். படித்துவிட்டு "உன் நல்லதுக்குத்தான்" என்பாள். உன் பழைய போனில் பேசுகிற, எழுதுகிற வசதியையெல்லாம் பிடுங்கிவிட்டுப் பாட்டை மட்டும் விட்டுவைத்தபோதும் அவள் அதைத்தான் சொன்னாள் என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். பாட்டு இருந்தால் இஸ்திரி வேகமாக நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இங்கே தையல் கூடத்திலும் அதே கதைதான். வேலை வாங்குகிறவர்களுக்கு இந்த ஒரு பாடம் மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்துவிடுகிறது.

முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். உன் பாட்டுகளை அழித்தது நான்தான். ஆப் கெட்டுப்போகவில்லை, உன் போனும் கெட்டுப்போகவில்லை. பதினோரு பாட்டுப் பட்டியல்கள், ஏழு வருடமாக நீ ஒவ்வொன்றாகச் சேர்த்தவை, அரைமணி நேரத்தில் என் விரலால் போயின. "நிச்சயமாக நீக்கவா?" என்று அது ஒவ்வொரு தடவையும் மரியாதையாகக் கேட்டது. நானும் ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்றேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நீ போன பிறகும் சூப்பர்வைசர் விசில் உன் பாட்டுக் கணக்கை விடவில்லை. அவனுக்குச் சொந்தமாக ஒரு கணக்குத் தொடங்கத் துப்பில்லை. அந்தக் கஞ்சப் பிசினாறிக்கு ஓசியில் கிடைத்தது போதும். கூடத்துப் போனில் உன் பட்டியல்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. நாங்களும் பழையபடி அவற்றை வைத்தே மணி பார்த்துக்கொண்டிருந்தோம். வாசலில் போன்களை மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் இன்னும் உள்ளே போகிறோம். கைக்கடிகாரம் துணியில் மாட்டும் என்ற பழைய சாக்கும் அப்படியே இருக்கிறது. குக்கர் பாட்டு வந்தால் வேலை தொடங்கி ஒரு மணி நேரம். மூத்திரப் பாட்டு வந்தால் மூன்றாவது லைனில் இரண்டு பேர் எழுந்து போகலாம். பாவம், அந்தப் பாடகர் காதலியைப் பிரிந்த துக்கத்தில் உருகியிருக்கிறார். அவர் குரல் கேட்டதும் இங்கே நாற்பத்திரண்டு பெண்களுக்கு நிம்மதி.

காலை இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் பாட்டு தினமும் பாதியில் நிற்கும், அது உனக்குத் தெரியாது. ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் பாடும் போலிருக்கிறது. அந்த நாட்டில் உனக்கு அப்போதுதான் விடியும். நீ அங்கே ஒரு பாட்டைத் தொட்டதும் இங்கே கூடம் ஊமையாகிவிடும். "அக்கா எந்திரிச்சாச்சு" என்று முதல் லைனிலிருந்து ஒரு குரல் வரும். "இஸ்திரிப் பெட்டியத் தூக்கிட்டா டோய்" என்று கடைசி லைன் பதில் சொல்லும். விசில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிப்போய் மறுபடி போடுவான். அங்கே உன் பாட்டு நின்றிருக்கும். நீயும் விடாமல் மறுபடி போடுவாய். ஒரு நாள் இரண்டு பேரும் ஆறு தடவை மல்லுக்கட்டினீர்கள். ஆறாவது தடவை கூடமே கைதட்டியது. மெஷின் ஓடாமல் இருந்த அந்த ஒரு நிமிடத்தையும் எங்கள் மணிக்கணக்கில் சேர்த்துக்கொள்வோம். அம்மாவுக்கும் பழகிவிட்டது. நான் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுவதற்குள் "பெரியவ இன்னிக்கிப் பாட்டு கேட்டாளா?" என்பாள். சாப்பிட்டாளா என்று கேட்பதுபோல.

வினை காஜாக்காவின் வாயால் வந்தது. காஜா மெஷினில் உட்கார்ந்தால் பொத்தான் துளைக்கும் ஊசியைவிட அவள் நாக்கு வேகமாக ஓடும் என்று நீதானே சொல்வாய். சாப்பாட்டு இடைவேளைக்கு நீ வைத்த ஏழு பாட்டில் கடைசி, கால்மணி நேரம் ஓடும் படகுப் பாட்டு. அது முடியவும் சங்கு ஊதவும் சரியாக இருக்கும். மூன்று மாதமாக அது பாடிக்கொண்டிருக்கும்போதே சங்கு ஊதத் தொடங்கியது. முதலில் முடிவு போயிற்று, பிறகு கடைசிச் சரணம், பிறகு இரண்டாவது சரணத்திலேயே. ஒரு நாள் காஜாக்கா டப்பாவை மூடாமலே சத்தமாகக் கேட்டுவிட்டாள். "என்ன சார், படகு இன்னும் நடு ஆத்துல நிக்குது, அதுக்குள்ள சங்க ஊதிட்டீங்க? நாங்க என்ன நீந்தியா வர்றது?"

கூடம் சிரித்தது. விசில் சிரிக்கவில்லை. நாங்கள் எதை வைத்து மணி பார்க்கிறோம் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

மறுநாள் என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டான். பழைய குப்பையை எல்லாம் அழித்துவிட்டு, மேலே இருந்து வந்திருக்கும் பட்டியலை மட்டும் வை என்றான். எல்லாம் தடதடவென்று ஓடும் பாட்டு. எதற்கும் தொடக்கமும் கிடையாது, முடிவும் கிடையாது. கூடத்தில் இதெல்லாம் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும் என்றான். ஜன்னல் ஓரத்து மெஷின் காலியாகிறது, யோசிக்கலாம் என்றும் சொன்னான். பொய் சொல்ல மாட்டேன் அக்கா, எனக்கு மனசு குளிர்ந்தது. எட்டு வருடமாகச் சுவரைப் பார்த்துத் தைக்கிறவளுக்கு ஜன்னல் என்றால் சும்மாவா?

கூடத்துப் போனில் அழித்தால் கூடத்தில் மட்டும்தான் போகும், உன் போனில் உள்ளது உன்னிடமே இருக்கும் என்று நினைத்தேன். தினமும் நீ குறுக்கே வந்து பாட்டை நிறுத்துவதைப் பார்த்தும், இரண்டும் ஒன்றுதான் என்று உறைக்காத மண்டை என்னுடையது. கடைசியாக ஒரு பட்டியல் இருந்தது. "சும்மா" என்று பெயர். பதிமூன்று பாட்டு. நான் அதுவரை பார்த்ததே இல்லை. நீ இங்கிருந்து போன பிறகு சேர்த்த தேதி அதில் இருந்தது. அங்கேயாவது என் கை நின்றிருக்க வேண்டும். விசில் மேஜையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான். அதையும் அழித்தேன்.

அடுத்த நாள் காலை இடைவேளைக்கு முன்னால் எல்லோரும் தலையைத் தூக்கினோம். பாட்டு நிற்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் நிற்கவில்லை. ரீசார்ஜ் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "ஒரே வீட்டுக்கு ரெண்டு சாவிம்மா. இந்தச் சாவியால தொறந்து சாமானத் தூக்கி வெளிய போட்டுட்ட. அந்தச் சாவிக்காரி வந்து பாத்தா வீடு காலிதானே?" என்றார். திரும்ப எடுக்க வழி இல்லையா என்றேன். கல்லாவைப் பார்த்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டினார்.

இன்றோடு பத்தொன்பது நாள். ஒரு தடவைகூட நீ குறுக்கே வரவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மாவின் போனிலிருந்தும் உன் அழைப்பு வரவில்லை. அம்மா, "கோவமா இருப்பாடி, நீ பண்ணுன வேலைக்கு" என்கிறாள். கோபமாக இருந்தால் நல்லது. நான் தினமும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்காதே. அழித்த மறுவாரமே காஜாக்காவிடம் உண்மையைச் சொன்னேன். ஜன்னலுக்கு ஆசைப்பட்டதையும் சேர்த்து. "சிறுக்கி" என்று ஆரம்பித்து ஒரு முழுச் சட்டைக்குக் காஜா எடுக்கும் நேரம் திட்டினாள். திட்டி முடித்துவிட்டு, வெட்டும் மேஜையிலிருந்து மிச்சத் தாளைக் கிழித்து வந்து விரித்தாள். "எழுதுடி. முதப் பாட்டு என்ன?" என்றாள்.

உன் பட்டியல் எங்கள் எல்லோர் உடம்பிலும் இருக்கிறது. இதை நான் அதற்கு முன் யோசித்ததே இல்லை. ஒவ்வொருத்திக்கும் அவள் எழுந்து போகிற நேரத்துப் பாட்டு தெரிந்தது, அதற்கு முன்னும் பின்னும் வருவதும் தெரிந்தது. இருமல் பாட்டு குக்கர் பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று செக்கிங் மேஜைக்காரிகள் இரண்டு பேர் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. பெயர் தெரியாத பாட்டை முனகிக் காட்டினார்கள், நான் வீட்டுக்கு வந்து தேடிப் பிடித்தேன். ஐந்து நாளில் பத்துப் பட்டியலும் தாளில் வந்துவிட்டன.

பிறகு ஒரு திங்கட்கிழமை, சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் ஸ்பீக்கர் தடதடவென்று கத்திக்கொண்டிருக்க, காஜாக்கா முதல் பாட்டை வாயாலேயே எடுத்தாள். நாங்கள் சேர்ந்துகொண்டோம். சாப்பிட்டுக்கொண்டே, வாயில் சோறு இருக்கிறவள் விட்ட இடத்தை மற்றவள் பிடித்துக்கொண்டு, ஏழு பாட்டையும் இசை வரும் இடத்தைக்கூட விடாமல் பாடினோம். படகுப் பாட்டின் இரண்டாவது சரணத்தில் சங்கு ஊதியது. யாரும் எழவில்லை. விசில் விசிலடித்தான். கத்தினான். பெயர் எழுதிக்கொள்வேன் என்றான். எழுதுங்க சார், நாற்பத்திரண்டு பேர், தாள் வேணுமா என்று யாரோ கேட்டார்கள். படகைக் கரை சேர்த்துவிட்டுத்தான் எழுந்தோம். சுருதி எப்படி இருந்தது என்று மட்டும் கேட்காதே.

மூன்று நாள் இப்படி. நான்காவது நாள் மேனேஜர் தானே இறங்கி வந்தார். கதவருகே நின்று, தன் கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முழுவதும் கேட்டார். சங்கு ஒன்பது நிமிடம் முன்னால் ஊதுகிறது என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று. ஒன்பது நிமிடம், அக்கா. நாற்பத்திரண்டு பேருடைய ஒன்பது நிமிடம், மூன்று மாதமாக. மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. அவர்களுக்கு அந்தச் சொல் வராது. வெள்ளிக்கிழமை காலையில் ஏணி வந்தது.

இப்போது கூடத்தில், கண்ணாடி அறைக்கு மேலே, கடிகாரம் தொங்குகிறது. வட்டமாக, வெள்ளையாக, சாதாரணக் கடிகாரம். நீ வாய்திறந்து கேட்டது இது ஒன்றைத்தான். இதைக் கேட்டதற்காகத்தான் உன்னை வேலையிலிருந்து நீக்கி வாசல்வரை கொண்டுபோய் விட்டார்கள், நீயும் வேறு வழியில்லாமல் அவ்வளவு தூரம் போனாய். ஆணி அடிக்கும்போது காஜாக்கா, "பாத்து அடிப்பா, அது எங்க அக்கா கடிகாரம்" என்றாள்.

இனி மணி பார்க்கப் பாட்டு வேண்டாம்தானே, அவரவர் தையலைப் பாருங்கள் என்றான் விசில். மணிக்குக் கடிகாரம் இருக்கு சார், பாட்டு வேற வேலைக்கு வேணும் என்றோம். அதனால் பத்துப் பட்டியலையும் உன் கணக்கில் பழைய வரிசையிலேயே சேர்த்துவிட்டேன். எல்லோர் கண்முன்னாலும், அதே கண்ணாடி அறையில் நின்று. உன் போனில் இப்போது பார்த்தாலும் இருக்கும். ஜன்னல் மெஷின் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "சும்மா" மட்டும் காலியாக இருக்கிறது. பெயரை மட்டும் வைத்திருக்கிறேன். அந்தப் பதிமூன்றும் கூடத்தில் ஒருத்திக்கும் தெரியாது. அது நீ தனியாகக் கேட்டது. நீதான் நிரப்ப வேண்டும்.

இப்போது கவனமாகப் படி. அந்தப் போனையும் வீட்டுக்காரம்மா பிடுங்கிக்கொண்டு, அது இன்னும் உன் கையில் இல்லை என்றால், பின்வாசல் கம்பியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டு. டிரைவர் அண்ணன் தினமும் பார்ப்பார். நம்மவர்கள் புகார் கொடுக்கும் அலுவலகம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், எழுதிய மனுவும் அவர் பையில் இருக்கிறது. கீழே நாற்பத்திரண்டு கையெழுத்து, அம்மாவின் கைரேகையோடு. இரண்டு வாரம் பார்ப்பேன். பாட்டும் நிற்காமல் துணியும் தெரியாமல் இருந்தால், துணிக்காகக் காத்திருக்காமல் மனுவைக் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். உன் வீட்டுக்காரம்மா பெரிய ஆள் என்று பயப்படாதே. விசிலும் அப்படித்தான் இருந்தான்.

போன் உன் கையிலேயே இருந்து, என் மேல் கோபத்தில்தான் நீ பேசாமல் இருக்கிறாய் என்றால், உன் கால்மாட்டில் உட்கார்ந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு காரியம் செய். திங்கட்கிழமை முதல் உன் பாட்டுதான் இங்கே ஓடப்போகிறது. உனக்கு விடியும் நேரத்தில் நாங்கள் கடிகாரத்தைப் பார்க்காமல் காதைத் தீட்டிக்கொண்டிருப்போம். எந்தப் பாட்டானாலும் சரி, படகுப் பாட்டே ஆனாலும் சரி.

குறுக்கே வா அக்கா. எங்களைப் பாதியில் நிறுத்து.

இப்படிக்கு,
சுவரைப் பார்த்த பழைய மெஷினிலேயே உட்கார்ந்திருக்கும்
உன் தங்கை