தினுஜனின் நாலு செக்கன்

கல்முனைக்குடி
16.01.2009

அன்பு மகன் பஸாலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கிளிநொச்சி பிடிபட்டதென்று பஸாரில் வெடி கொளுத்திய கிழமை, இறக்காமத்தில் யானை இறங்கி நமது வயலை மிதித்த கிழமை, உன் கடிதம் வந்தது. நான் சொல்ல உன் ராத்தா அஸ்பியா எழுதுகிறாள். போனில் சில பேச்சை எடுத்தால் "லைன் சரியில்ல வாப்பா" என்கிறாய். கடிதத்துக்கு லைன் தேவையில்லை.

கிட்டாரை யாருக்கோ கொடுத்துவிட்டு, லண்டனில் டீஜே ஆகியிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அது என்னவென்று அஸ்பியா விளக்கினாள். மற்றவன் போட்ட பாட்டை மெசினில் போடுவதுதானே? நம் ஜெமீல் கல்யாண வீட்டுக்கு ஸ்பீக்கர் கட்டி அதைத்தானே செய்கிறான்? அவன் லண்டன் போகவில்லையே.

அந்தக் கிட்டாருக்காக நான் எத்தனை பேரிடம் ஏச்சு வாங்கினேன் என்று உனக்குத் தெரியும். நம் நெல் ஸ்டோருக்குள் நீங்கள் மெட்டல் என்று போட்ட சத்தத்தில் எலியே ஓடிப்போனது. தினுஜனை மறக்க முடியுமா? அடிக்கிறவன் தன் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு ட்ரம் அடிப்பான். பாவம், கேட்கிறவன்தான்.

அவன் தாய் நேசம்மா போன கிழமை வந்தாள். உன்னைக் கேட்டாள். ஏன் கிட்டாரை விட்டாய் என்று ஒழுங்காக எழுது. எனக்கு எண்பதாகிறது. களைத்துப் போனேன் மகன்.

உன் வாப்பா பக்கீர் முகைதீன்
இடது பெருவிரல் அடையாளம்


லண்டன்
02.03.2009

அன்புள்ள வாப்பாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். ஜெமீல் காக்காவுக்கும் என் ஸலாம். அவர் செய்வதைத்தான் செய்கிறேன், கூலி கொஞ்சம் கூட.

கிட்டாரைக் கேட்டீர்கள். மெட்டலுக்கு ஆட்கள் வேண்டும் வாப்பா. இங்கே இரண்டு குழுவில் சேர்ந்து பார்த்தேன். எனக்குப் பின்னால் வேறு ஒருவன் ட்ரம் அடிக்கத் தொடங்கினால் என் கை நின்றுவிடுகிறது. திரும்பிப் பார்க்கிறேன். தினுஜனுடைய முகம் இல்லை. மெசினுக்கு முன்னால் நான் தனியே நிற்கலாம். யாரையும் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.

ஸ்டோரில் பதிந்த கசற் ஒன்று என் பையோடு வந்துவிட்டது. அதில் தினுஜன் அடித்ததில் நாலு செக்கனை வெட்டி எடுத்தேன். அது முடிகிற இடத்திலேயே திரும்பத் தொடங்கும்படி செய்திருக்கிறேன். அதற்கு மேல்தான் மற்றச் சத்தங்களைப் போடுகிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் முந்நூறு பேர் அதற்கு ஆடுகிறார்கள். யார் அடிக்கிறான் என்று ஒருவரும் கேட்டதில்லை.

நேசம்மா மாமி கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லுங்கள்.

மகன் பஸால்


கல்முனைக்குடி
11.06.2009

அன்பு மகனுக்கு,

ஸலாம். சண்டை முடிந்ததென்று சந்தியில் பாற்சோறு கொடுத்தார்கள். அன்றைக்கே நேசம்மா தினுஜனின் படத்தை எடுத்துக்கொண்டு, வன்னிச் சனத்தை அடைத்து வைத்திருக்கிற செட்டிகுளம் முகாமுக்குப் போனாள். அவன் சுனாமியில் கடலோடு போகவில்லை, இயக்கம் பிடித்துப் போயிருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வந்து என் வாசலில் இருந்து சொன்னாள்:

"காக்கா, கம்பிக்கு அங்கால ஒரு பொடியன் கைய ஆட்டினவன். அவன்தான் எண்டு ஓடினன். கிட்டப் போனா வேற யார்ர புள்ளயோ. அவனும் என்ன அம்மா எண்டுதான் கூப்பிட்டவன்."

இனிச் சொல்வது அஸ்பியாவுக்குப் புதிது. எழுதட்டும்.

சுனாமிக்கு மறுநாள் வேலிக்குள் கிடந்த உடம்பை முகத்தால் அறிய முடியவில்லை. கறுப்புச் சேட், எருமை மண்டைப் படம். விடியவே இறக்காமத்து வயலால் கடற்கரைக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவன் நீ. நீதான் என்று தூக்கினேன். உடம்பு ஊதிக் கால்சட்டை இறுகியிருந்தது, அவிழ்க்க முடியவில்லை. சேட்டை மட்டும் கழற்றி, உடம்புக்குத் தண்ணீர் ஊற்றி, கபன் துணி சுற்றி, மையவாடியில் உன்னை அடக்கினேன். உங்கள் எல்லோருக்கும் ஒரே சேட். முதுகில் அவரவர் பெயரை வெள்ளையில் எழுதியிருந்தீர்கள். எழுத்துத் தெரிந்தவனுக்கு அது பெயர். எனக்கு அது பெயின்ற்.

மூன்றாம் நாள் நீ நடந்து வந்தாய். சேட்டில் தினுஜன் என்று வாசித்தாய். "சொல்லாதீங்க வாப்பா, நான்தான் அவன வாடியில காவலுக்குப் படுக்கச் சொன்னன்" என்று என் காலைப் பிடித்தாய். ஊர், யாரோ ஒரு பிள்ளை என்று விட்டுவிட்டது. நானும் விட்டேன். அவனுடைய ஆட்களும் நம் ஆட்களும் அந்தக் குழிக்காக அடிபடுவார்கள் என்று பயந்தேன். உங்கள் ட்ரம்மையும் உங்களையும் ஸ்டோரை விட்டுக் கடற்கரை மீன்வாடிக்குத் துரத்தியவனும் நான்தான். அதை நீ ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை.

அஸ்பியா பேனையை வைத்துவிட்டு அழுதாள். இப்போது எழுதுகிறாள்.

நேசம்மாவிடம் சொல்லட்டா? நோன்பு முடிவதற்குள் பதில் எழுது.

வாப்பா


கல்முனைக்குடி
28.09.2009

மகன் பஸாலுக்கு,

ஸலாம். நோன்பு முப்பதும் போனது, பெருநாளும் போனது. உன் பதில் வரவில்லை. நேற்று நேசம்மா மறுபடியும் செட்டிகுளம் பஸ்ஸுக்கு நின்றாள். கம்பை ஊன்றிப் போய் மறித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். சொல்லிவிட்டேன்.

ஏசினாளா என்று கேட்பாய். ஏசினாள். "அஞ்சு வருசம் காக்கா! என்ட வாசலாலதானே பள்ளிக்குப் போய் வந்தீங்க?" என்றாள்.

சேட்டைக் கொடுத்தேன். மடியில் விரித்தாள்.

"இதில எது அவன்ட பேர்?"

"எனக்கும் தெரியாது தங்கச்சி."

அஸ்பியா அவளுடைய விரலைப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாக வைத்தாள். பிறகு கேட்டாள்:

"குளிப்பாட்டக்குள்ள காதுக்குள்ள தண்ணி போகாமப் பாத்தீங்களா? சின்னனில இருந்தே அவனுக்குக் காதுவலி."

"பஞ்சு வெச்சன் தங்கச்சி."

அந்தச் சொல்லுக்குத்தான் அழுதாள் மகன். மற்ற எதற்கும் அழவில்லை.

தோண்ட வேண்டாம், கிடக்கட்டும் என்றாள். அஸர் தொழுகைக்குப் பிறகு மையவாடி மதிலுக்கு வெளியே கொண்டுபோய், பூவரசுக்கு நேரே என்று காட்டினேன். பார்த்துக்கொண்டு நின்றாள். உன்னைப் பற்றி ஒரு கெட்ட சொல் சொல்லவில்லை. "அவன் அடிச்சது எங்கயாவது மிஞ்சியிருக்கா?" என்று மட்டும் கேட்டாள். நாலு செக்கன் இருக்கு என்றேன்.

"நாலு செக்கன் எண்டா எவ்வளவு நேரம் காக்கா?"

அஸ்பியா மணிக்கூட்டைக் காட்டி எண்ணினாள். நேசம்மா முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "காணும், எனக்குப் போதும்," என்றாள். "அனுப்பச் சொல்லுங்க."

அனுப்பு மகன். சுற்றிச் சுற்றி ஓடுகிற மாதிரி வேண்டாம். தொடங்கி, முடிகிற மாதிரி அனுப்பு. எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் காரியமில்லை. உறையில் என் பெயரைப் போடாதே. அவள் புருசன் அமிர்தலிங்கம் கடலோடு போனான், மகள் துசாந்தினியும் போனாள், தினுஜன் என் கையால் மண்ணுக்குள் போனான். அந்த வீட்டில் உயிரோடு மிஞ்சியிருக்கிற ஒரே ஆளின் பெயரை எழுது: நேசம்மா.