ஒட்டுகிறது, வனஜா!

என் செல்லத் தங்கச்சி வனஜாவுக்கு,

ஒட்டுகிறது! அழுகையெல்லாம் பிறகு. நீ சொன்ன அந்த வெளிச்சவ்வுப் புரதம்தான் பாக்டீரியாவை நுரையீரல் செல்லோடு பிடித்து வைக்கிறது. நீ சரி, நான் தப்பு. எழுதிவிட்டேன், போதுமா?

இந்த முடிவை உன் லேப் தலைவரான மேடம் அன்று ஆய்வுக் கட்டுரையிலிருந்து நீக்கியதற்குக் காரணம் நான். "பக்கத்து லேப்ல உங்க அண்ணனே செஞ்சு பார்க்கட்டும்" என்றார். தட்டில் வளர்த்த நுரையீரல் செல்கள்மேல் பாக்டீரியாவை விட்டு, கழுவி, மூன்று முறை செய்தேன். புரதம் உள்ள பாக்டீரியாவும் ஒட்டவில்லை, அதை நீக்கிய பாக்டீரியாவும் ஒட்டவில்லை. "வனஜா சரியா கழுவல. மிதக்கிறதையெல்லாம் ஒட்டினதா எண்ணியிருக்கா" என்று கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன். சித்தப்பா மகள் என்றுகூடப் பார்க்கவில்லை.

வெளியே வந்து நீ மடக்கினாய். "அண்ணா, நீ தோசைக்கல்லு தேய்க்கிற மாதிரி கழுவுற. கழுவின அப்புறம் மைக்ரோஸ்கோப்ல பார்த்தியா?"

"பார்க்க என்னடி இருக்கு?"

அடுத்த மாதம் அந்த பைக் விபத்தில் நீ போய்விட்டாய்.

போன மாதம் வேறொரு பாக்டீரியாவுக்கு அதே சோதனையைச் செய்தேன். மறுபடியும் எதுவும் ஒட்டவில்லை. எங்கள் டெக்னீஷியன் மஞ்சுளா தட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்துவிட்டுச் சிரித்தார். "சார், இதுல செல்லே இல்ல! வெறும் பிளாஸ்டிக்ல எதைத் தேடுறீங்க? ஸ்வல்ப... கொஞ்சம் மெதுவா கழுவுங்க."

அவசரத்தில் உப்புக்கரைசலை நேராகச் செல்களின் மேலேயே பீய்ச்சியிருக்கிறேன். செல்கள் பிய்ந்து, ஒட்டியிருந்த பாக்டீரியாவோடு கழிவுப் பாட்டிலுக்குப் போயிருக்கின்றன.

உன் பாக்டீரியாக்களை ஃப்ரீசரிலிருந்து எடுத்தேன். எது எது என்று எனக்குத் தெரியாதபடி மஞ்சுளா பெயர்களை மறைத்தார். ஓரமாக, சொட்டுச் சொட்டாகக் கழுவினேன். எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்திருக்கும், யோசி! புரதம் உள்ளது ஒட்டியது. நீக்கியது கழன்று போனது. அந்தப் புரதத்தைத் திரும்பக் கொடுத்ததும் அதுவும் ஒட்டியது. மூன்று முறையும் ஒரே விடை. நான் கத்திய கத்தலில் ஏதோ வெடித்துவிட்டதென்று உன் லேப்காரர்கள் ஓடி வந்தார்கள்.

நேற்று, உன்னைக் குறை சொன்ன அதே அறையில் எழுந்து நின்றேன். "வனஜா கழுவினது சரி. நான்தான் செல்லையே கழுவிக் கொட்டியிருக்கேன்."

மேடம், "அவ எடுத்த மைக்ரோஸ்கோப் படம்தான் கட்டுரையில முதல் படம்" என்றார். கைதட்டல் நிற்கவே இல்லை. நீ இருந்திருந்தால் என்னை எத்தனை நாள் ஓட்டியிருப்பாய்?

ஆஸ்டின் டவுனில் உங்கள் வீட்டுக்குப் போய் சித்தியிடம் சொன்னேன். அவர் அழவில்லை. "எது ஒட்டுதுன்னு எம்பொண்ணு கண்டுபிடிச்சுட்டா. சரி, அதை ஒட்டாம பண்ண முடியுமா?" என்று கேட்டார். அத்தனை பேர் இருந்த கூட்டத்தில் யாருக்கும் தோன்றாத கேள்வி!

"இன்னும் தெரியாது சித்தி" என்றேன். இன்று காலை அந்தப் புரதத்தை மறிக்கும் ஆன்டிபாடிக்கான வேலையை ஆரம்பித்துவிட்டேன். அவசரப்பட மாட்டேன் என்று சொன்னால் நீயே நம்ப மாட்டாய். ஆனால் என் கண்ணால் பார்க்காமல் யாருடைய வேலையையும் இனி 'இல்லை' என்று சொல்ல மாட்டேன். இது சத்தியம்.

உன்னிடம் தோற்றுத் தலைநிமிர்ந்து நிற்கும்
உன் அண்ணன்,
முரளி