வலது பின்விளக்கு

நல்லம்பள்ளி
12.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வீரமணி எழுதுவது. இங்கே நான், பாரதி, மகள் கனிமொழி மூவரும் சுகம். உன் சுகத்தை ஜானகி அத்தையிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். பொம்மிடிக்குப் போயிருந்தபோது உன் விலாசத்தை ஒருவழியாகக் கொடுத்தாள். போன் நம்பரையும் கேட்டேன். "அதக் குடுக்கச் சொல்லி அவ சொல்லலடா" என்றுவிட்டாள். அதனால்தான் கடிதம். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நான் பேனா பிடிப்பது கடையில் பில் போடும்போது மட்டும்தான்.

அம்மாவுக்குப் பிறகு அப்பாவும் போன ஐப்பசியில் தவறினார். நீ வரவில்லை. வருத்தம்தான், ஆனாலும் ஏன் என்று கேட்கமாட்டேன். வருகிற ஐப்பசியில் முதல் வருஷத் திதி. அதற்குள் ஒரு வேலையை முடித்தாக வேண்டும் என்று இறங்கியிருக்கிறேன். அப்பாவின் பிளைமவுத் காரை மறுபடி ஓட வைக்கப் போகிறேன்!

ஞாபகம் இருக்கிறதா? பெங்களூரிலிருந்து வாங்கி வந்து, டீசல் இன்ஜின் மாற்றி, டேஷ்போர்டுக்கு நம் தோட்டத்துத் தேக்கை இழைத்து, மேலே வெள்ளையும் கீழே வானநீலமும் அடித்து வைத்திருந்தாரே. ஊரில் இன்னும் 'படகு கார்' என்றால் தெரியும். இன்ஜின் போய்விட்டது என்று நிறுத்தியவர் அப்புறம் தொடவே இல்லை. கார் நிறுத்தும் கொட்டாயிலேயே கிடந்தது. பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவனுக்கு இது பெரிய வேலையா என்று நானே கதவு, இருக்கை, மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதிக் கட்டிவிட்டேன். இன்ஜினைப் பிரித்துப் பார்த்தால் ஒரு கோளாறும் இல்லை, அக்கா. பழைய வயரெல்லாம் துணி சுற்றியது, தொட்டால் உதிர்கிறது. அதை மாற்றுவதுதான் பெரிய வேலை.

திதிக்கு நீ வர வேண்டும். பொம்மிடி ஸ்டேஷனுக்கு இந்தக் காரிலேயே வந்து உன்னை அழைத்துப் போகிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
மணி

---

நாகர்கோவில்
24.06.2025

தம்பி வீரமணிக்கு,

கடிதம் கிடைத்தது. பாரதிக்கும் குழந்தைக்கும் என் அன்பைச் சொல். குழந்தைக்கு என்ன வயது என்று நீ எழுதவில்லை.

நான் அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறேன், பிரசவ வார்டில். தனியாக இருக்கிறேன், அதில் ஒரு குறையுமில்லை.

திதிக்கு வருவதற்கில்லை. அந்தக் காரில் என்னை ஏறச் சொல்லி இனி எழுதாதே.

பானுமதி

---

நல்லம்பள்ளி
10.07.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாலே வரி எழுதினாலும் உன் கையெழுத்தைப் பார்த்ததில் மனசு நிறைந்தது. கனிமொழிக்குப் பதினேழு முடியப் போகிறது. பிளஸ் டூ. அவளுடைய மூக்கு உன் மூக்கு என்று அத்தை சொல்கிறாள்.

காரைப் பற்றி எழுதாதே என்று நீ சொல்லவில்லை, ஏறச் சொல்லாதே என்றுதான் சொன்னாய். அதனால் எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை.

முன்பக்க வயர் முழுக்கப் புதிதாகக் கட்டிவிட்டேன். ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி ஃபியூஸ். பின்பக்கத்துக்கு மட்டும் பழைய வயரையே தற்காலிகமாகச் சேர்த்து, பேட்டரி கொடுத்துப் பார்த்தேன். போன வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். டீ குடித்துக்கொண்டு காருக்குப் பின்னால் நிற்கிறேன். சுவிட்ச் எதையும் போடவில்லை. வலது பின்விளக்கு மட்டும் எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. பேட்டரியைக் கழற்றினேன். பல்பு ஹோல்டரை வெளியிலிருந்தே சுத்தம் செய்து, சுவிட்சை மாற்றி, எர்த்தும் புதிதாகக் கொடுத்தேன். மறுநாள் கதவைப் பொருத்திச் சாத்தியதும் மறுபடி அதே விளக்கு. பைபாஸில் கனமான லாரி போனாலும் எரிகிறது. எதுவுமே போகாதபோதும் எரிகிறது.

பாரதி பார்த்துவிட்டு, "மாமா இன்னும் வூட்ட வுட்டுப் போவலைங்க போல" என்று பம்பரில் எலுமிச்சம்பழம் கட்டிவிட்டாள். நான் கரண்டில் வேலை பார்க்கிறவன், இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனால் மூன்று நாளாகக் கொட்டாய்ப் பக்கம் போகவில்லை. அந்த விளக்கு எரிகிற விதம், யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது, அக்கா.

மணி

---

நாகர்கோவில்
19.07.2025

மணி,

டிக்கியைத் திறந்து பார்த்தாயா?

பா.

---

நல்லம்பள்ளி
03.08.2025

அக்கா,

இல்லை. திறக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் கழற்றியவன் அதை மட்டும் துருப்பிடித்திருக்கிறது, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு வைத்திருந்தேன். உன் ஒரு வரி வந்த மறுநாள் திறந்தேன்.

மூடியின் ஓரம் கடப்பாரையால் நெம்பி வளைந்திருக்கிறது. பூட்டு உடைந்திருக்கிறது. அதன்மேல் கட்டுக்கம்பி போட்டுச் சுற்றியிருக்கிறார், அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். உள்ளே வலது பக்கத்துத் துணி ஒரு முழத்துக்குக் கிழிந்து தொங்குகிறது. சாமான் எடுக்க வசதியாக டிக்கிக்குள் ஒரு சின்ன விளக்கு வைத்திருந்தார், எப்போதும் கரண்ட் இருக்கிற மாதிரி. அதற்குப் போகும் வயர் பிடுங்கப்பட்டிருக்கிறது. முனையில் மேல்துணியை உரித்திருக்கிறது. கத்தியால் அல்ல. கத்தியால் உரித்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பல்லால் கடித்து உரித்திருக்கிறது. அந்தச் செம்புக் கம்பியின் முனை பின்விளக்கு ஹோல்டரின் பக்கத்தில் தொங்குகிறது. வண்டி அசைந்தால் போய்த் தொடுகிறது, விளக்கு எரிகிறது. அவ்வளவுதான் கோளாறு. ஐந்து நிமிஷத்தில் சரி செய்துவிடலாம்.

என்னால் அதைத் தொட முடியவில்லை.

மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. உண்மையை எழுதுகிறேன்.

எனக்குப் பதினோரு வயது. சித்திரை வெயில். அப்பா காரைக் கொண்டுவந்து கொட்டாயில் விட்டுவிட்டு, "கார்கிட்டப் போன, கால ஒடிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். வலது பின்விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. கிட்டப் போய் டிக்கி மூடிமேல் கை வைத்தேன். சுட்டது. "மணி, மணிதான? கடப்பாரை எடுத்தாடா" என்றாய். நீதான் என்று எனக்குத் தெரியும். போனேன். கடப்பாரைக்குப் போகவில்லை. கிணற்றடிக்குப் போய் மோட்டாரைப் போட்டுவிட்டேன், நீ தட்டுகிற சத்தம் காதில் விழாமல் இருக்க.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

உன் தம்பி

---

நாகர்கோவில்
20.08.2025

மணி,

உன் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு வாரம் டியூட்டிக்குப் போய் வந்தேன். இப்போது எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் அரூருக்குப் போனது நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் வாங்க. கூடப் படித்த அறிவழகன் பஸ் ஸ்டாண்டில் பார்த்து, எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தான். காதல்கூட இல்லை, மணி. அவன் வீடு எங்கே என்றுகூட எனக்குத் தெரியாது. அப்பா அந்தப் பக்கமாக வந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் காரை நிறுத்தி, டிக்கியைத் திறந்து, "ஏறு" என்றார். நான் ஏறினேன். அப்பா சொன்னால் செய்துதானே பழக்கம்.

நல்லம்பள்ளி வரும்வரை ரோட்டின் ஒவ்வொரு பள்ளமும் என் முதுகில் இருக்கிறது. கொட்டாயில் நிறுத்திய பிறகுதான் பயம் வந்தது. மூச்சு முட்டியது. தட்டித் தட்டிக் கை வீங்கியது. விளக்கின் பின்புறம் துளி வெளிச்சம் தெரிந்தது. வயரைக் கடித்துத் தொட்டுப் பார்த்தேன், உள்ளே சிவப்பாக ஒளி வந்தது. வெளியேயும் தெரியும் என்று கணக்குப் போட்டேன். நீ வாசலில் இருப்பாய் என்று தெரியும். பள்ளிக்கூடம் லீவு.

உன் வார் அறுந்த செருப்புச் சத்தம் வந்தது. போனது. அப்புறம் மோட்டார்ச் சத்தம்.

உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மா கீழ்க்காட்டில் மரவள்ளிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தாள். நேரமில்லாத நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் வருகிறதே, யார் மோட்டாரைப் போட்டது என்று திட்டிக்கொண்டே மேலே வந்தாள். மோட்டாரை நிறுத்தியபோது நான் தட்டியது கேட்டது. கடப்பாரை எடுத்தது அவள். நீ மோட்டாரைப் போடாமல் இருந்திருந்தால் அவள் இருட்டின பிறகுதான் வந்திருப்பாள். இதை உனக்குச் சமாதானமாக எழுதவில்லை. நடந்தது இது, அதனால் எழுதுகிறேன்.

அடுத்த மாதம் ஜானகி அத்தை என்னைப் பொம்மிடியில் ரயிலேற்றிவிட்டாள். அவள் அப்பாவுக்குத் தங்கை. அவளுக்கு இருந்த தைரியம் அந்த வீட்டில் வேறு யாருக்கும் இல்லை.

முப்பத்துமூன்று வருஷமாக நான் லிஃப்டில் ஏறியதில்லை. பிரசவ வார்டு நாலாவது மாடி. தினமும் படிதான். வீட்டில் குளியலறைக் கதவைத் தாழ் போட்டதில்லை.

இன்ஜினில் கோளாறு இல்லை என்று எழுதியிருந்தாய். அப்பா மனம் கேளாமல்தான் காரை நிறுத்திவிட்டார் என்று நீ அடுத்து எழுதுவாய். எழுதாதே. அவர் காரிடமும் பேசவில்லை, என்னிடமும் பேசவில்லை. இத்தனை வருஷமும் என் விலாசம் அவர் தங்கையிடம் இருந்தது.

பதினோரு வயசுப் பையன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவன் பயந்துவிட்டான். அவனை எப்போதோ விட்டுவிட்டேன். எனக்கு வருத்தம் நாற்பத்துநாலு வயசுக்காரன்மேல். எல்லாம் தெரிந்தவன் அந்தக் காருக்குப் பெயிண்ட் அடித்து, அதிலேயே என்னை அழைத்துப் போகிறேன் என்று எழுதினானே, அவன்மேல்.

காரை உடைக்கப் போகிறேன், கொளுத்தப் போகிறேன் என்று கிளம்பாதே. இரும்பு என்ன செய்யும்? வயரை மாற்று. ஓட்டு. ஆனால் யாராவது அதன் அழகைப் பற்றிப் பேசினால், அதற்குள் என்ன நடந்தது என்று சொல். உன்னால் முடிகிறதா பார்.

பானுமதி

---

நல்லம்பள்ளி
09.11.2025

அக்கா,

திதி முடிந்தது. நடந்ததை எழுதுகிறேன்.

வயரை மாற்றினேன். நீ கடித்த அந்த ஒரு சாண் வயரை மட்டும் தூக்கிப் போட மனம் வரவில்லை, கடை மேசையில் வைத்திருக்கிறேன். மூடியின் வளைவை நிமிர்த்தவில்லை. பூட்டும் போடவில்லை. கார் ஓடுகிறது. வலது பின்விளக்கு இப்போது போட்டால்தான் எரிகிறது. ஆனாலும் எரியாதபோது அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

திதியன்று உறவெல்லாம் வந்திருந்தது. சந்திரமோகன் சித்தப்பாவே அப்பா போட்டோவுக்கு மாலை போட்டு பானட்டின்மேல் வைத்தார். எல்லோரும் காரோடு நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். சித்தப்பா, "எங்கண்ணனாட்டம் ஒரு மனுசன் இந்த ஜில்லாவுலயே கெடையாது. புள்ளைங்கள எப்பிடி வெச்சிருந்தாரு!" என்றார்.

சொன்னேன், அக்கா. பாரதிக்கு அதுவரை தெரியாது, கனிமொழிக்கும் தெரியாது. டிக்கியைத் திறந்து காட்டிச் சொன்னேன். மோட்டார் போட்டதையும் சொன்னேன். சித்தப்பா, "செத்துப்போனவரப் பத்திப் பேசற பேச்சாடா இது? திதி நாளும் அதுவுமா" என்று எழுந்துவிட்டார். பாதிப் பேர் சாப்பிடாமல் போய்விட்டார்கள். பாரதி மட்டும் அப்பா போட்டோவை பானட்டிலிருந்து எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

கனிமொழி கேட்டாள், "அத்தை எவ்ளோ நேரம் உள்ள இருந்தாங்கப்பா?"

"அரூர்லருந்து வூடு வர ஒன்னரை மணி நேரம். அப்புறம் கொட்டாய்ல ஒரு மூணு மணி நேரம்."

நான் தடுப்பதற்குள் அவள் உள்ளே ஏறிப் படுத்துவிட்டாள். முழங்காலை மடக்கி, ஒரு பக்கமாக. "மூடுங்கப்பா, ஒரு நிமிசம்" என்றாள். மூடிமேல் கை வைத்தேன். முடியவில்லை. "மூடுங்கப்பா" என்று மறுபடி சொன்னாள். நான் அப்படியே நின்றேன். அவளே இறங்கி வந்தாள். "உங்களால முடியல. தாத்தாவால எப்படிப்பா முடிஞ்சது?" என்றாள். மூன்றாம் நாள் கேட்டாள், "எங்கிட்ட ஏன்பா இத்தனை வருசம் சொல்லல?"

எல்லாம் தெரிந்தவன் என்று நீ எழுதியதும் இதைத்தான்.

உன்னை வா என்று கூப்பிட மாட்டேன். மன்னித்துவிடு என்றும் கேட்கமாட்டேன்.

மணி

---

நாகர்கோவில்
27.11.2025

அன்புள்ள மணிக்கு,

கனிமொழி அதற்குள் ஏறினாள் என்ற இடத்தில் உன் கடிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டேன். பிறகு எடுத்து நீவி, மிச்சத்தைப் படித்தேன். இனி அவளை ஏற விடாதே. எனக்காக யாரும் அதற்குள் படுக்க வேண்டாம். ஆனால் அவள் கேட்ட கேள்வியை வார்டில் இரண்டு பேரிடம் சொன்னேன். இந்தக் கதையை நான் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை, நீ சொன்ன பிறகு எனக்கும் வாய் வந்தது.

இத்துடன் தனித்தாளில் என் போன் நம்பர் இருக்கிறது. அது கனிமொழிக்கு. பரீட்சை முடிந்ததும் கூப்பிடச் சொல். நர்சிங் படிக்க ஆசை இருந்தால் விண்ணப்பத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். இல்லாவிட்டாலும் கூப்பிடட்டும்.

நீ கூப்பிட வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது உன் பதினோரு வயசுக் குரல்தான். இப்போது எப்படி இருக்கும் என்று தெரியாது. அப்பா குரல் மாதிரி ஆகியிருந்தால் எனக்குத் தாங்காது.

நீ கடிதமே எழுது. படிக்கிறேன்.

அக்கா
பானுமதி