வெறும் பெட்டியில் உட்கார்ந்த கோழி

வெண்மதி அப்பாவுக்கு,

உங்க முதுகுவலி தேவலையா? அத்தை மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுறாங்களா? எனக்குக் குவைத்துல ஒரு குறையும் இல்லை.

ஒரு வேடிக்கை கேளுங்க. மேடம் வளர்க்கிற கோழியில ஒண்ணு அடைக்கு உட்கார்ந்துடுச்சு. அடியில இருந்த முட்டையை நானே எடுத்துட்டேன், அடையில இருக்கிறதால இப்ப முட்டையும் போடுறதில்லை. அது வெறும் பெட்டியில உட்கார்ந்திருக்கு. தண்ணியில முக்கி எடுத்தா அடை கலையும்னு மேடம் சொன்னாங்க. மூணு நாளா முக்குறேன். நடுங்கிக்கிட்டே திரும்ப அங்கதான் போகுது. மாசக் கடைசிக்குள்ள முட்டை போடலைன்னா அறுத்துடணுமாம். அறுக்க வேண்டியதும் நான்தான். என்னால முடியாதுங்க. வேற வழி இருக்கான்னு அத்தையைக் கேட்டு வெள்ளிக்கிழமை போன்ல சொல்லுங்க.

போன வாரம் அத்தை சொன்னாங்க, பாப்பா பாட்டில் பாலுக்குப் பழகிட்டா, இப்பல்லாம் அம்மாவைத் தேடுறதே இல்லைன்னு. சந்தோஷமாத்தான் சொன்னாங்க. நானும் நல்லதுன்னேன்.

போன்ல அத்தை பக்கத்துல இருப்பாங்கன்னுதான் இதை எழுதுறேன். டிரங்குப் பெட்டியில என் பச்சைச் சேலையைத் துவைக்காம வச்சுட்டு வந்தேன். அதைத் தொட்டில்ல கட்டுங்க. துவைச்சுடாதீங்க.

மேடம் கூப்பிடுறாங்க. ஊருக்கு வர்ற நெடுங்காட்டு அக்காகிட்ட இதைக் கொடுத்துடுறேன். ரெண்டு நாளாவது பாப்பா என்னைத் தேடி அழட்டுங்க.

தையல்நாயகி