சத்தம் குறைந்த இயந்திரம்

நவம்பர் 14, வெள்ளி

நிலவறைப் பட்டறைக்கு கணினி சொல்கிறபடி மரம் செதுக்கும் சி.என்.சி. ரவுட்டர் இயந்திரம் வாங்க மகளோடு கடைக்குப் போனேன். இரண்டைக் காட்டினார்கள். ஒன்றின் மோட்டார் காற்றில் குளிரும். காதைக் கிழிக்கும், ஆனால் வேறு தொல்லை இல்லை. மற்றது தண்ணீரில் குளிரும். சத்தம் குறைவு, குழாய்களைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

"முதலாவதை எடுங்கோ அப்பா. தண்ணிக் குழாயோட ஏன் மினக்கெடுறியள்?" என்றாள் மகள்.

கடைக்காரர், நோர்வேக்காரர், பட்டறைக்கு மேலே என்ன அறை என்று கேட்டார்.

"படுக்கையறை. மனைவிக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. பகலில்தான் நித்திரை" என்றேன்.

சொன்ன பிறகுதான் மகளின் முகத்தைப் பார்த்தேன். மனைவி சாந்தி இறந்தது சித்திரையில். அவள் எழும்பும்வரை உளியைக்கூடத் தட்டாமல் எத்தனை வருடம் இருந்தேன்! அந்தப் பழக்கம் வாயில் வந்துவிட்டது.

"அப்படியென்றால் தண்ணீரில் குளிர்வதுதான்" என்றார் அவர். நான் திருத்தவில்லை. மகளும் திருத்தவில்லை. காரில் ஏறியதும் அழுதாள்.

அதையே வாங்கினேன். அடுத்த கிழமை கொண்டுவந்து பூட்டித் தருவார்கள். மேலே ஒன்றும் கேட்காதாம்.