இரும்புக் கல்லுக்கு அந்தப் பக்கம்

புக்கிட் மேரா
8.10.1984

அன்புள்ள மகன் பெர்னார்ட்டுக்கு,

மாதாவின் துணையால் நானும் உன் தங்கச்சி பிரிஜட்டும் நலம். உன் அறையில் டெலிபோன் இல்லை. இருந்திருந்தாலும் இதைச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது.

சனிக்கிழமை நடந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீ அந்த ஹோட்டலில் வேலை செய்கிறாய் என்பது சத்தியமாக எனக்குத் தெரியாது. படிப்பை விட்டுவிட்டுச் சமையல் வேலைக்குப் போகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து, எந்த ஹோட்டல் என்று நான் கேட்டதே இல்லை.

பிரிஜட்டைக் கட்டப்போகும் பையனின் தகப்பனார் டாக்டர் இராஜரத்தினம்தான் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். ஆர்ச்சர்ட் ரோட்டில் பெரிய ஹோட்டல், மேல்மாடி என்றதும் டை கட்டிக்கொண்டு போனேன். போனால் காசும் கொடுத்து வேலையும் நாமே செய்ய வேண்டுமாம். கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். சீவி வைத்த பச்சை இறைச்சி, முட்டைக்கோஸ், வெங்காயம், மீ நூடுல்ஸ் என்று விரும்பியதை அள்ளிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். காலமெல்லாம் கவர்மெண்ட் ஆபீஸ் கவுண்டரில் இருந்து ஊரை வரிசையில் நிற்க வைத்தவனுக்கு இது தேவைதான். எல்லாரும் என்னையே முதலில் போகச் சொன்னார்கள். மரியாதை என்று நினைத்து முன்னால் நடந்தேன்.

வரிசை முடியும் இடத்தில், கிண்ணத்தை வாங்கி வதக்கிக் கொடுக்கும் பெரிய வட்ட இரும்புக் கல்லடியில் போய் நிமிர்ந்தால் நீ நிற்கிறாய். வெள்ளைத் தொப்பி, கையில் நீளக் குச்சி, மணிக்கட்டில் சூட்டுக் காயம். என் முதுகுக்குப் பின்னால் டாக்டர். மகன் பெர்த்தில் கணக்கியல் படிக்கிறான் என்று அவரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். "நாட் டூ ஸ்பைசி, ப்ளீஸ்" என்றேன். நீ "யெஸ், சார்" என்றாய். தட்டை வாங்கும்போது "தேங்க் யூ" வேறு சொன்னேன், பெற்ற பிள்ளைக்கு.

வெட்கமாக இருக்கிறது. இந்தச் சம்பந்தம் குழம்பிவிடக்கூடாதே என்ற பயத்தில் அப்படிச் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொள். உன் அம்மா உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு என்னை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டாள்.

இப்படிக்கு,
சூ. அந்தோனிப்பிள்ளை


மார்சிலிங்
12.10.1984

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் சுகம். காயம் பழையது, ஆறிவிட்டது. நீங்கள் மனதைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம். சாப்பிட வருகிறவர்கள் எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, அவரவர் கண் அவரவர் சாப்பாட்டின் மேல்தான் இருக்கும். எனக்கு அது பழகிவிட்டது.

நீங்கள் சாஸ் வைத்திருக்கும் மேசையைக் கவனிக்காமலே வந்துவிட்டீர்கள். உப்பு உறைப்பு ஒன்றும் இல்லாத கிண்ணம் அது. மற்றவர்கள் நிரப்பிய கிண்ணத்தில் நாங்கள் எதையும் சேர்க்கக்கூடாது, அங்கே அது சட்டம். ஆனாலும் என் பக்கத்தில் இருந்த சோயா சாஸையும் இஞ்சித் தண்ணீரையும் மிளகாய் எண்ணெயையும் ஊற்றினேன். காரம் வேண்டாம் என்று சொன்னீர்கள், நான் கேட்கவில்லை. நீங்கள் வீட்டில் சாப்பிடும் உறைப்பு எனக்குத் தெரியாதா? மிச்சம் வைக்காமல் சாப்பிட்டீர்களா என்று திரும்பிப் பார்க்க நேரமில்லை, வரிசை நீளமாக இருந்தது.

ஜனவரியில் தங்கச்சி கல்யாணம் என்று கேள்விப்பட்டேன். நான் வராமல் இருப்பதுதான் நல்லது. டாக்டர் வீட்டார் என் முகத்தைப் பார்த்துவிட்டார்கள். பெர்த்தில் பரீட்சை என்று சொல்லிவிடுங்கள். கோபத்தில் எழுதுவதாக நினைக்காதீர்கள்.

உங்கள் அன்பு மகன்,
பெர்னார்ட்


புக்கிட் மேரா
16.10.1984

அன்புள்ள பெர்னார்ட்டுக்கு,

உன் கடிதத்தை வாசித்ததும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. எவ்வளவு பொறுப்பான பிள்ளை நீ.

பரீட்சை நல்ல யோசனைதான். ஆனால் ஜனவரியில் அங்கே கல்லூரி மூடியிருக்குமோ என்று ஒரு சந்தேகம். டாக்டரின் தம்பி ஆஸ்திரேலியாவில் இருக்கிறார், அவர் விசாரித்தால் மாட்டிக்கொள்வேன். அதனால் பரீட்சையை விட்டுவிட்டு, அம்மைக் காய்ச்சல் என்று சொல்லட்டுமா? யோசித்து எழுது.

இன்னொரு விஷயம். வருகிற 27ஆம் தேதி மறுபடியும் அதே ஹோட்டலுக்குத்தான் போக வேண்டும் என்று டாக்டர் ஒற்றைக் காலில் நிற்கிறார். சிராங்கூன் ரோட்டில் வாழையிலைச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன், மனிதர் அசையவில்லை. அன்றைக்கு மட்டும் நீ லீவு எடுக்க முடியுமா? கேட்க எனக்கே கூசுகிறது. அடுத்த மாதம் கோவிலில் கல்யாண ஓலை வாசித்து எல்லாருக்கும் அறிவித்துவிட்டால் பிறகு பயமில்லை, அதுவரைதான்.

பிரிஜட் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. கல்யாணப் பெண்ணுக்கு ஆயிரம் யோசனை இருக்கும்.

இப்படிக்கு,
சூ. அந்தோனிப்பிள்ளை


மார்சிலிங்
22.10.1984

அப்பாவுக்கு,

லீவு எடுக்க மாட்டேன்.

முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். டாக்டருக்கு எல்லாம் தெரியும். செப்டம்பரிலேயே பிரிஜட் டாக்டர் வீட்டாரை ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். டாக்டர் கல்லுக்கு மேலால் கையை நீட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்கட அப்பா ஏன் தம்பி இதை மறைக்கிறார்? நாங்க ஒண்ணும் நினைக்க மாட்டமே" என்று கேட்டார்.

உங்களைச் சொல்ல வைக்கத்தான் அந்த ஹோட்டலைப் பிடித்தார்கள். என்னை நேரே பார்த்துவிட்டால் உங்களால் சொல்லாமல் இருக்க முடியாது என்று பிரிஜட் நம்பினாள். அதற்காகத்தான் எல்லாரும் உங்களை முன்னால் விட்டார்கள். நானும் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் தட்டோடு திரும்பி நடந்த பிறகு டாக்டரின் மனைவி என்னைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். அன்று மேசையில் சாப்பிட்டு முடியும்வரை எல்லாரும் நீங்கள் வாயைத் திறப்பீர்கள் என்று காத்திருந்தார்களாம்.

கல்யாணத்துக்கு வரவில்லை என்று எழுதினால் "வா" என்று சொல்வீர்கள் என்று பார்த்தேன். நீங்கள் எனக்கு அம்மைக் காய்ச்சல் வரவழைக்கிறீர்கள்.

27ஆம் தேதி நான் வேலையில் இருப்பேன். நீங்கள் வராவிட்டாலும் பரவாயில்லை.

பெர்னார்ட்


ஹோட்டல் கீழ்மாடி
27.10.1984, மாலை

என் செல்ல மகன் பெர்னார்ட்டுக்கு,

மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். டாக்டர் வீட்டாரும் பிரிஜட்டும் மேலே போய்விட்டார்கள். டாய்லெட் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி நான் கீழேயே தங்கிவிட்டேன். பொய் சொல்வது எனக்கு அவ்வளவு சுலபமாகிவிட்டது.

லிப்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். லிப்டு இரண்டு தரம் திறந்து மூடியது, நான் ஏறவில்லை. ஒரு மேசை முழுக்க எனக்காக வெட்கப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறது, நான் மட்டும் இறைச்சி நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்பதுகூடப் பெரிதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன் என்று எழுதியிருந்தாயே, அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த பிறகு நான் மேலே வருவேன். டாக்டர் முன்னால் உன் கையைப் பிடித்து, இவன் என் மகன் என்று சொல்ல விரும்புகிறேன். கல்யாணத்தன்று என் பக்கத்தில் நீதான் நிற்க வேண்டும். இதையெல்லாம் கேட்க எனக்கு முகமில்லை. உனக்கு இப்போது விருப்பமில்லை என்றால் இதைக் கொண்டுவருகிறவரிடம் சொல்லி அனுப்பு, நான் பஸ் ஏறிப் போய்விடுகிறேன். உன்மேல் ஒரு வருத்தமும் வைக்க மாட்டேன்.

கொண்டுவருகிறவர் மருதப்பன், வாசல் கவுண்டரில் இருப்பவர். நான் இங்கே சும்மா நிற்பதைப் பார்த்து, "யாரைப் பார்க்கணும் ஐயா?" என்று கேட்டார். "மேலே கல்லில சமைக்கிற பெர்னார்ட் என்ர மகன்" என்றேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். "பெர்னார்ட் அப்பாவா? உக்காருங்க லா. அப்பா வெளிநாட்டுல இருக்காரு, அதான் பாக்க வர்றதில்லன்னு உங்க மகன் சொல்வாரு. எப்ப வந்தீங்க?" என்று கேட்டார்.

இன்றைக்குத்தான் வந்தேன் என்று சொன்னேன்.

உன் அப்பா