துவைக்கக் கூடாத மூட்டை

செபு
அக்டோபர் 23, 1994, ஞாயிறு

அன்பு மகள் ரோவேனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தம்பி ஆர்னெல் மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டு இருக்கிறோம், அந்த மட்டுக்கும் குழந்தை இயேசுவுக்கு நன்றி. நீயும் ரியாத்தில் நலமாக இருப்பதாக உன் கடிதம் சொல்கிறது. கடிதம் சொல்வதையெல்லாம் அப்படியே நம்புகிறவள் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் வேலை அதிகமில்லை, சாப்பாடு நன்றாக இருக்கிறது, அறைத் தோழிகள் தங்கமானவர்கள் என்று மூன்று கடிதத்திலும் ஒரே வரியை எழுதியிருக்கிறாய். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

நம் கல்லூரி கூடைப்பந்துக் கோப்பையை ஜெயித்துவிட்டது, அந்தச் செய்தி உன் காதுக்கு எப்போதோ வந்திருக்கும். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு வந்த கோப்பை என்பதால் தெருவுக்கே பைத்தியம் பிடித்துப்போனது. அப்பா கடையில் மூன்று நாள் எல்லாருக்கும் இலவசமாக முடி வெட்டினார், நாய்க்கு மட்டும்தான் வெட்டவில்லை, அதற்கும் கல்லூரியின் மஞ்சள் சாயத்தைப் பூசிவிட்டார்கள். லாரியில் ஊர்வலம் போனார்கள். மற்ற பையன்கள் எல்லாம் நின்றுகொண்டு கையசைத்தார்கள், உன் தம்பிக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு லூர்தெஸ் என் தோளை இடித்து, "பாருக்கா உன் புள்ளைய, ராஜா மாதிரி உக்காந்துகிட்டு வர்றான்" என்று சொன்னாள். அவன் ராஜா மாதிரி உட்காரவில்லை, அவனால் நிற்க முடியவில்லை. அந்தக் கூட்டத்தில் அது எனக்குத் தெரியும், கடல் தாண்டி உனக்கும் தெரியும். எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன், உனக்கு எப்படித் தெரியும் என்பதையும் நானே சொல்கிறேன்.

ஜூலையில், மூன்றாவது ஆட்டத்தில் கூடைக்கு எம்பி இறங்கும்போது ஆர்னெலின் வலது முட்டி மடங்கிப்போனது. சுளுக்கு என்றார்கள். உருவிவிடுகிற பெலிங் அக்கா தேங்காய் எண்ணெயோடு வந்து உருவிவிட்டு, "ஒண்ணுமில்ல, காத்து பிடிச்சிருக்கு" என்று போனாள். நாலாவது ஆட்டத்தில் அவன் ஆடினான், இருபத்தொரு புள்ளி எடுத்தான், ஜெயித்தார்கள். திங்கட்கிழமை வழக்கமாக அணியின் அழுக்குத் துணி மூட்டை என்னிடம் துவைக்க வரும், அன்று வரவில்லை. நானே போய்க் கேட்டேன். கோச் விலாமோர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இனிமே துவைக்க வேணாம். ஜெயிக்கிறப்ப துவைச்சா அதிர்ஷ்டமும் சோப்புத் தண்ணியோட போயிடும். தோக்குற வரைக்கும் அப்படியே கிடக்கட்டும்" என்றார். சரி, ஆட்டக்காரர்களுக்கு இந்த மாதிரி கிறுக்கு இருப்பது புதிதல்ல, உன் அப்பாவே போட்டி நடந்த நாலு மாதமும் இடது காலை முன்வைத்துத்தான் கடைக்குள் நுழைந்தார். ஆனால் எனக்குக் கூலி மட்டும் சனிக்கிழமை சனிக்கிழமை தவறாமல் வந்தது. துவைக்காத துணிக்குக் கூலி கொடுக்கிற கல்லூரியை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? துணியில் நான் பார்க்கக் கூடாதது ஏதோ இருக்கிறது என்று அன்றைக்கே என் மனதில் விழுந்துவிட்டது.

ஒவ்வொரு பையனும் தன் துணியைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டதால் ஆர்னெல் தன் மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தான். தொடர்ந்து நாலு ஆட்டம் ஜெயித்த துணி, செபு வெயிலில் அது என்ன வாசம் அடிக்கும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, பல்லிகூட அந்த அறையில் தங்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் அவன் வகுப்புக்குப் போனதும் மூட்டையை இழுத்து எல்லாவற்றையும் துவைத்துப் போட்டேன். அப்போதுதான் வலது முட்டி உறையின் உள்துணி ஒரு பக்கம் பிரிந்து, ஊக்கு குத்தியிருப்பதைப் பார்த்தேன். ஊக்கை எடுத்தால் உள்ளே வெள்ளித்தாளோடு வெட்டிய இரண்டு மாத்திரை. மருந்தின் பெயர் இருக்கிற பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். இருந்தபடியே வைத்து ஊக்கைக் குத்தினேன். துணி காய்ந்ததும் மணமாக இருந்தது, அது காட்டிக்கொடுத்துவிடுமே என்று கருவாட்டைச் சுற்றிய தாளில் ஒரு மணி நேரம் சுருட்டி வைத்துவிட்டு மூட்டையில் திணித்தேன். அடுத்த ஆட்டத்திலும் ஜெயித்தார்கள், பதினெட்டுப் புள்ளி வித்தியாசம். ஆடை மாற்றும் அறையில் கோச் முகர்ந்து பார்த்து, "இதான்டா சாம்பியன் வாசன" என்றாராம். என் கருவாட்டுக்கு இந்த மரியாதையாவது கிடைத்தது.

அன்று முதல் எனக்குத் தூக்கம் போய்விட்டது. பத்தொன்பது வயதுப் பிள்ளை எதற்காக மாத்திரையை முட்டிக்குள் ஒளித்து வைக்கிறான், யார் கொடுத்தார்கள்? முதலில் கோச்சைச் சந்தேகப்பட்டேன். பயிற்சி நடக்கும்போது தண்ணீர் கொடுக்கிற சாக்கில் போய் அவர் பையை ஓரக்கண்ணால் பார்த்தேன், ஊதுகுழலும் ஜெபமாலையும் பாதி தின்ற ரொட்டியும்தான் இருந்தன. பிறகு பெலிங் அக்காவின் எண்ணெய்ப் புட்டியைச் சந்தேகப்பட்டு வாசற்படியிலேயே நிறுத்திக் கேட்டேன், "நான் கையால உருவுறவ, மாத்திரை குடுத்து வைத்தியம் பண்ற ஈனப் பொழப்பு எனக்கு எதுக்கு?" என்று கோபித்துக்கொண்டு போனவள் இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அப்புறம் வக்கீல் லுசெரோ, நம் கல்லூரியின் பழைய மாணவர், அணிக்குக் காலணி, அரிசி, பேருந்து எல்லாம் வாங்கித்தருகிற பெரிய மனிதர். அவர் செப்டம்பரில் உன் அப்பா கடைக்குச் சுழலும் நாற்காலி ஒன்று புதிதாக அனுப்பினார். இருபது வருடமாக அதே கடையில் முடிவெட்டிக்கொள்கிற மனிதருக்கு இப்போதுதான் பழைய நாற்காலி இடுப்பை வலித்ததா? அன்று இரவுச் சாப்பாட்டில் உன் அப்பாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன், பிள்ளையின் முட்டியைக் கொடுத்து நாற்காலியை வாங்கினீரா என்று. அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். "இருபத்தாறு வருஷமா என்கூட இருக்க, இதத்தான் என்னைப்பத்தி தெரிஞ்சுகிட்டியா" என்று மட்டும் சொன்னார். மறுநாள் நாற்காலியைக் கைவண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார். நாலு நாள் என்னோடு பேசவில்லை. நான் கேட்டது தப்பு, மகளே, அவரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கத்தான் வேண்டும்.

இறுதிச் சுற்று மூன்று ஆட்டம். எதிரே மேட்டுக் கல்லூரி, எல்லாரும் தென்னை மாதிரி வளர்ந்த பையன்கள். முதல் ஆட்டம் நமக்கு, ஞாயிற்றுக்கிழமை நடந்த இரண்டாவது அவர்களுக்கு. தோற்றுவிட்டதால் மூட்டைகள் முறைப்படி துவைக்க வந்தன. பையன்கள் எல்லாரும் அழுத முகத்தோடு கொண்டுவந்து போட்டார்கள், ஆர்னெலின் மூட்டையில் முட்டி உறை மட்டும் இல்லை. எங்கே என்று கேட்டேன். "அதுல அழுக்கே இல்லம்மா" என்றான். வியர்வை சொட்டச் சொட்ட நாற்பது நிமிடம் ஆடியவனின் முட்டி உறையில் அழுக்கில்லையாம். திங்கள் மதியம் அவன் தூங்கும்போது தலையணைக்கு அடியிலிருந்து எடுத்தேன். ஊக்கை எடுத்தேன். நாலு மாத்திரை, கூடவே எட்டாக மடித்த மெல்லிய தாள் ஒன்று. இந்த வீட்டில் என் கண் எட்டாத இடம் அது ஒன்றுதான் என்று நினைத்திருக்கிறான். பிரித்தேன், முதல் எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான்.

ஆகஸ்டில் விடுமுறைக்கு வந்த உன் தோழி ஜோஸ்லின் கொண்டுவந்து கொடுத்த பையில் எனக்குக் காப்பித்தூள், அப்பாவுக்குச் சவரக் கத்தி, தம்பிக்கு ஆறு ஜோடி வெள்ளைக் காலுறை. நான் காலுறையை எண்ணிப் பார்த்தேனே தவிர உதறிப் பார்க்கவில்லை. ஊரிலிருக்கிற அத்தனை பேரையும் சந்தேகப்பட்ட எனக்கு என் மகளைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை. முட்டி வலியை அவன் உனக்கு மட்டும் எழுதியிருக்கிறான், அதற்கு நீ எழுதிய பதில் எனக்கு மனப்பாடம். "ரொம்ப வலிச்சா ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஒண்ணு போடு, ரெண்டு போட்டுடாத. இந்த ஊரு எனக்குப் பழகவே இல்லடா, குளியலறையில போய் அழுதுட்டு வர்றேன். மணிலாக் கம்பெனி டீம்ல உன்ன சம்பளத்துக்கு எடுத்துட்டாங்கன்னா மார்ச்சுல வேலைய விட்டுட்டு வந்துடுவேன். அம்மாகிட்ட சொல்லாத, அம்மா தோண்டித் துருவும்." அம்மா தோண்டித் துருவினாள், ரோவேனா. தங்கமான அறைத் தோழிகளும் நல்ல சாப்பாடும் எனக்கு, குளியலறை அழுகை அவனுக்கா? எனக்கு எழுதினால் நான் செத்தா போய்விடுவேன்? உன் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நர்ஸ் படித்தவள், முட்டி கிழிந்தவனுக்கு வலி தெரியாமல் மருந்து கொடுத்து ஓடவிட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா? தெரிந்துதானே ஒன்று போடு, இரண்டு போடாதே என்று எழுதினாய்?

புதன்கிழமை மூன்றாவது ஆட்டம். நான் மைதானத்தில் மூன்றாவது வரிசையில், மஞ்சள் மெழுகுவர்த்தியைப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் பாதியில் உன் தம்பி பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே மூன்று பேரைச் சுற்றிப் போனபோது எனக்கே புல்லரித்தது. பிற்பாதியில் அவன் குதிக்கவில்லை, ஒருமுறைகூட. கடைசியில் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம், பத்து நொடி பாக்கி, பந்து அவன் கையில். கூடைக்கு நேராக வழி திறந்துகிடந்தது. எம்பிப் போட வேண்டியவன் எம்பாமல், பக்கத்தில் யாரும் கவனிக்காத ஒல்லிப் பையனிடம் பந்தைக் கொடுத்தான், அவன் போட்டான், ஜெயித்தோம். மறுநாள் பத்திரிகையில் தன்னலமில்லாத ஆட்டம் என்று எழுதியிருந்தார்கள். தியாகமும் இல்லை, ஒன்றும் இல்லை, அவனுக்குக் கால் எழும்பவில்லை. மணி அடித்ததும் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள், அவன் மட்டும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

ஊர்வலம் முடிந்த மறுநாள் முட்டி பூசணி மாதிரி வீங்கிவிட்டது. டாக்டர் படமெடுத்துப் பார்த்து, உள்ளே இருக்கிற மெத்தை போன்றது முன்பே கிழிந்திருக்கிறது, அதோடு ஆடியதால் எலும்பும் தேய்ந்திருக்கிறது, அறுவை செய்ய வேண்டும், பிறகு நன்றாக நடக்கலாம் என்றார். நடக்கலாம் என்று இரண்டு தரம் சொன்னார், ஆடலாம் என்று ஒரு தரமும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே வேறு சொன்னார். மணிலாவிலிருந்து கம்பெனி ஆள் வீட்டுக்கு வந்தார். ஊன்றுகோலைப் பார்த்தார், கைகொடுத்தார், பழச்சாறு குடித்தார், போய்விட்டார். உன் தம்பி அவர் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

இவ்வளவும் உன்னைத் திட்டத்தான் எழுதத் தொடங்கினேன். ஆனால் திங்களுக்கும் புதனுக்கும் நடுவில் இரண்டு நாள் இருந்ததே, அதில் என்ன செய்தேன் என்று சொல்லாமல் தாண்டிவிட்டேன், அதை நீ கவனித்திருப்பாய், நீ என் மகள். மாத்திரையும் உன் தாளும் என் கையில் இருந்தன. அடுப்பில் போட்டிருக்கலாம். கோச்சிடம் போயிருக்கலாம். உன் அப்பாவை எழுப்பியிருக்கலாம். வாசலில் தெருப்பிள்ளைகள் ஆர்னெலின் ஏழாம் எண் எழுதிய காகிதத்தை முதுகில் ஒட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். காலையில் சந்தையில் மீன்காரி என்னை முதல்முறையாகத் துணி துவைக்கிறவள் என்று சொல்லாமல் ஆர்னெல் அம்மா என்று கூப்பிட்டிருந்தாள். நீ மார்ச்சில் வருவேன் என்று வேறு எழுதியிருந்தாய். எனக்கும் கோப்பை வேண்டியிருந்தது, மகளே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் வேண்டியிருந்தது. தாளை மடித்தபடியே உள்ளே வைத்தேன், மாத்திரைகளையும் வைத்தேன். ஆட்டத்தில் ஊக்கு குத்திவிடுமே என்று அதை எடுத்துவிட்டு, அணித் துணி தைக்க ஊசியில் கோத்திருந்த மஞ்சள் நூலாலேயே பொடித்தையலாக, முட்டியில் உறுத்தாதபடி தைத்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன். ஆடாதே என்று நான் சொல்லவில்லை.

நேற்று அவன் காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். தன்பாட்டுக்குச் சொன்னான், "புதன்கிழம ரொம்ப பயமா இருந்துச்சும்மா, ஆட முடியலன்னு சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அப்புறம் மஞ்ச நூலப் பார்த்தேன். அம்மாவே தைச்சுக் குடுத்திருக்காங்க, ஒண்ணும் ஆகாதுன்னு ஒண்ணுக்கு ரெண்டா போட்டுட்டேன்."

டாக்டர் கொடுத்த அறிக்கையின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், அதில் பாதி எங்களுக்குப் புரியவில்லை. நீ படித்து உள்ளதை உள்ளபடி எனக்கு எழுது, எனக்கு மட்டும். மார்ச்சில் வேலையை விட்டுவிட்டு வா, எந்த அணியும் எடுக்காவிட்டாலும் வா. குழந்தை இயேசு உன்னையும், நீ கையால் தொடுகிற ஒவ்வொரு நோயாளியையும் காக்கட்டும். அவனிடம் நான் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரிந்தால் அதையும் எழுது.

உன் அம்மா,
ஃபெலிசிதாஸ்